மலையாளத்தில் பேசச் சொன்னோம், அந்த அம்மா பேசுவதையே நிறுத்திவிட்டார்

கேள்வி
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்தவள். வளர்ச்சி பிந்திய சிறு குழந்தைகளுக்கான அரசு சேவையில் ஸ்பெஷல் எஜுகேட்டராக இருக்கிறேன். ஒப்பந்த வேலைதான், இது இரண்டாவது வருடம். எங்கள் வீட்டில் தமிழ், நான் படித்தது மலையாளம் மீடியம். இரண்டும் தெரியும் என்பதால் எல்லைப் பக்கத்துக் குடும்பங்களை எல்லாம் என்னிடம்தான் அனுப்புவார்கள். எந்த மையம் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

ஒரு பையன். இப்போது இரண்டு வயது ஐந்து மாதம். அப்பா தென்னந்தோப்பில் தேங்காய் லோடு ஏற்றுகிறார். அம்மா உடுமலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், மலையாளம் காதில் விழும், வாயில் வராது. அப்பாவின் அம்மாவும் கூடவே இருக்கிறார். அங்கன்வாடியில் அமிர்தம் பொடி என்ற சத்துமாவு வாங்க வந்தபோது, கூப்பிட்டால் பையன் திரும்பவில்லை என்று டீச்சர் கவனித்து ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் போய் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையை வைத்துப் பார்த்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிறந்ததிலிருந்து இரண்டு வயதுவரை 17 விஷயங்கள் கொண்ட ஒரே தாள். குழந்தையின் வயதுக்கு நேராகப் பேனாவை நிறுத்தி வைத்து, அதற்கு இடப்பக்கம் வருவதில் ஏதாவது செய்யவில்லையா என்று பார்ப்போம். அப்போது அவனுக்கு ஒரு வருடம் பதினொரு மாதம். நடை, படி ஏறுவது, சின்னப் பொருளை விரலால் எடுப்பது எல்லாம் சரி. இரண்டு சொல் சொல்வதில்லை, பொம்மையின் உறுப்புகளைக் காட்டுவதில்லை.

காது சோதனை இரண்டு முறை நடந்தது, குழந்தை தூங்கும்போது காது நரம்பைப் பார்க்கும் பெரா உட்பட. காது நன்றாகக் கேட்கிறது. அப்புறம் எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் அந்த அம்மாவிடம், "வீட்டில் ரெண்டு மொழி வேண்டாம், குழந்தை குழம்பிப்போகும். ஸ்கூலில் மலையாளம்தானே, இனி மலையாளத்திலேயே பேசுங்கள்" என்றார். அதைத் தமிழில் அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னது நான். வீட்டுக்குக் கொடுக்கும் நோட்டில் எழுதிக் கொடுத்ததும் நான்.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. செம்பின்மேல் போனைச் சாய்த்து வைத்து, அதில் மலையாளக் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. "ஏங்க பேசாம ஊட்டறீங்க?" என்று கேட்டேன். "எனக்கு மலையாளம் தெரியாதுங்க மேடம். தப்பாப் பேசி இவனைக் கெடுத்துரக் கூடாதுன்னு பேசறதையே விட்டுட்டேன். போன்ல நல்ல மலையாளம் வருதுங்களே" என்றார். பாட்டியும் கதை சொல்வதை விட்டுவிட்டாராம். முன்னால் தினமும் ராத்திரி வாசலில் கட்டிலைப் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏற்கெனவே பேச்சு பிந்தியிருக்கிற குழந்தைக்கு வீட்டில் இருந்த பேச்சையும் நாங்கள் எடுத்துவிட்டோம்.

இப்போது என்ன செய்வது? பெரியவர் சொன்னதை நான் தவறு என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்தக் குடும்பம் யாரை நம்பும்? இன்னொன்று, எங்களிடம் இருக்கும் படக்கார்டுகள் மலையாளத்தில்தான். பூனைப் படத்தைக் காட்டி "பூச்ச எவிடெ" என்று கேட்டால் பையன் சும்மா இருக்கிறான். நான் மெதுவாக "பூனை எங்கே" என்றதும் பார்க்கிறான், கை நீட்டவில்லை, ஆனால் கண் அங்கே போகிறது. இதைத் தாளில் என்னவென்று போடுவது?

மையத்துக்கு வரச் சொன்னால் இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். இதுவரை மூன்று முறை வந்தார்கள், இப்போது பொள்ளாச்சிக்கே போய்விடலாமா என்று கேட்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இங்கே கிடைப்பது நின்றுவிடுமா? இந்த வேலையில் பல வருடம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: கம்பம் பேச்சுப் பயிற்சியாளர்

டீச்சர், நான் தேனி மாவட்டத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட். குமுளி, வண்டிப்பெரியார் பக்கத்துக் குடும்பங்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன். நீங்கள் எழுதியது போல நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகாது. இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதியான விஷயம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளும்கூட, இரண்டு மொழியும் காதில் விழுந்தால் தங்களால் முடிந்த அளவுக்கு இரண்டையும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான தாமதம் இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது வேகமாக வந்துவிடாது. அம்மாவுக்குத் தெரியாத மொழியில் பேசச் சொன்னால், அந்த வீட்டில் பேச்சு மெலிந்துபோகும். நான்கு வார்த்தை மலையாளம் தெரிந்தவர் குழந்தையிடம் நான்கு வார்த்தைதான் பேசுவார். கொஞ்சுவதும் அதட்டுவதும் கதை சொல்வதும் தன் மொழியில்தான் வரும்.

பூனை விஷயம். கண் போனதை எழுதுங்கள். "தமிழில் கேட்டபோது படத்தைப் பார்த்தான், மலையாளத்தில் கேட்டபோது பார்க்கவில்லை, சுட்டிக் காட்டவில்லை" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். அந்தக் குழந்தைக்குப் பூனை தெரியும். நாளைக்குப் பூனை, பூச்ச இரண்டும் சொன்னால் இரண்டு சொல் என்று எண்ணுங்கள். மலையாளக் குழந்தைகளுக்கென்று வைத்த மதிப்பெண்ணை இவனுக்குப் போடாதீர்கள். போட்டால் அந்த எண் ஃபைலில் உட்கார்ந்துகொண்டு அடுத்த ஐந்து வருடம் அவனைத் துரத்தும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்று: கை நீட்டவில்லை. பொருளைக் கொண்டுவந்து காட்டுவானா? வானத்தில் காக்கா போனால் உங்களைப் பார்த்து, காக்காவைப் பார்த்து, மறுபடி உங்களைப் பார்ப்பானா? வேண்டியதற்கு உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறானா, சுட்டுகிறானா? ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் எம்-சாட் கேள்வித்தாளில் 20 கேள்விகள், 16 மாதத்திலிருந்து 30 மாதம்வரைதான் அதைப் போட வேண்டும். உங்கள் பையனுக்கு 29 மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே போடுங்கள். அம்மாவிடம் தமிழில் கேளுங்கள், ஒவ்வொன்றுக்கும் "போன தடவை எப்ப செஞ்சான், சொல்லுங்க" என்று உதாரணம் வாங்குங்கள். வெறும் "ஆமாங்க, இல்லீங்க" போதாது.

அப்புறம் ஒரு உபாயம். இது எல்லைப் பக்கத்தில் மட்டும் கிடைக்கிற வசதி, நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்களிலிருந்து ஆரம்பியுங்கள். வா, தா, போ. அம்மா, பால், சோறு, பழம், மீன். கண், மூக்கு, தலை, கை, கால். ஆடு, கோழி, பசு. மழை, பூ, இலை. உச்சரிப்பு கொஞ்சம் மாறும், குழந்தையின் வாயில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. "வேணும்" சொன்னால் அங்கன்வாடி டீச்சருக்கு "வேணம்" என்று கேட்கும். ஒரு சொல் கற்றுக்கொண்டால் இரண்டு இடத்தில் செல்லும். தண்ணீரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே வெள்ளம் என்பார்கள். வீட்டில் தண்ணி என்றே இருக்கட்டும்.

போனைப் பற்றி அந்த அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், நல்லதென்று நினைத்துத்தான் வைத்தார். இரண்டு வயதிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எடுங்கள். அந்த இடத்தில் பாட்டியை உட்கார வையுங்கள்.

பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். குடும்பத்திடம் போகுமுன் அவரிடம் போங்கள். சட்டம் பேச வேண்டாம், வீட்டில் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள், செம்பும் போனும் உட்பட. நல்ல மனிதராக இருந்தால் அவருக்கே உறைக்கும். அடுத்த முறை அவர் வாயாலேயே அந்த அம்மாவிடம் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அது நடந்தால் குடும்பத்துக்கு யார் மேலும் நம்பிக்கை போகாது.


பதில் 2
எழுதியவர்: பீர்மேடு எஸ்டேட் அம்மா

வணக்கம் டீச்சர். நான் வேலை பார்க்கிறவள் இல்லை, பிள்ளையைப் பெற்றவள். பீர்மேடு தாலுகாவில் கொழுந்து எடுக்கிறேன். என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தாள், கால் இரண்டும் விறைப்பாகக் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். இப்போது ஒன்பது வயது, பிடித்துக்கொண்டு நடக்கிறாள், ஸ்கூலுக்குப் போகிறாள்.

அவளுக்கு ஒன்றரை வயதில் ஒரு இடத்தில் பத்துப் பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள். மலையாளத்தில் அச்சடித்த தாள். என் வீட்டுக்காரருக்கும் படிக்க வராது, எனக்கும் வராது. லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பையனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒவ்வொன்றும் இருபது தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. காலையில் பெரட்டுக்கு, எஸ்டேட்டில் பேர் கொடுக்க, போகணும், தண்ணீர் பிடிக்கணும், சோறு பொங்கணும். நான்கு நாள் செய்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். விட்டதால் அடுத்த தடவை போகவே பயம், செய்தீர்களா என்று கேட்பார்களே என்று. இப்படித்தான் எட்டு மாதம் போகாமலேயே இருந்தேன். வராத அம்மாக்களைப் பற்றி நீங்கள் எல்லாம் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அக்கறை இல்லை என்று நினைப்பீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம்.

பிறகு ஒரு பிசியோ மேடம் லயத்துக்கே வந்தார்கள். தாளைக் கேட்கவில்லை. காலையிலிருந்து ராத்திரிவரை நீ என்ன செய்வாய் சொல்லு என்று கேட்டார்கள். சொன்னேன். பிள்ளையை எப்படித் தூக்குவாய், தூக்கிக் காட்டு என்றார்கள். நான் தோளில் நேராகப் போட்டுத் தூக்குவேன், கால் இரண்டும் சேர்ந்து தொங்கும். அவர்கள் வாங்கி என் இடுப்பில் காலை இரண்டு பக்கமும் விரித்து உட்கார வைத்தார்கள். "இனிமே எப்ப தூக்கினாலும் இப்படித் தூக்கு. இதுதான் பயிற்சி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்கள். ஒன்றே ஒன்று. பிள்ளையைத் தூக்காமல் ஒரு நாள் போகுமா? அதனால் அது நிற்கவே இல்லை. அடுத்த மாதம் வந்து இன்னொன்று சொன்னார்கள்.

அவர்கள் மலையாளம்தான் பேசுவார்கள், தமிழ் அரைகுறை. ஆனால் நான் தமிழில் பேசினால் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்த உடுமலைத் தங்கச்சியிடம் சொல்லுங்கள் டீச்சர், அவர் பேச்சில் தப்பு ஒன்றும் இல்லை என்று. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.


பதில் 3
எழுதியவர்: வண்ணாமடை ரிட்டயர்ட் டீச்சர்

நான் அங்கன்வாடியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். எல்லாரும் தமிழ் தமிழ் என்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். மூன்று வயதில் அந்தக் குழந்தை அங்கன்வாடிக்கு வந்து உட்காரும்போது பாட்டு மலையாளம், கதை மலையாளம், "கை கழுகு" என்றால் தெரிய வேண்டும். ஒன்றும் புரியாமல் மூலையில் உட்கார்ந்த தமிழ்க் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். மந்தம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அந்தப் பெரியவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, சொன்ன விதம்தான் தப்பு.

என் யோசனை இது. வீட்டில் தமிழ். மலையாளத்துக்கு அங்கன்வாடி இருக்கிறது. வயது ஆகவில்லை என்றாலும் வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் பாட்டியோடு வந்து உட்காரச் சொல்லுங்கள், எந்த டீச்சரும் துரத்த மாட்டார். மற்றக் குழந்தைகளைப் பார்ப்பதே அவனுக்கு நல்லது. உங்கள் பக்கத்து அங்கன்வாடி டீச்சருக்கு இவன் சொல்லும் தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவன் "தண்ணி" என்றால் அவருக்குப் புரிய வேண்டுமே. நம் தாலுகாவில் தமிழ் மீடியம் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன, அது பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.


பதில் 4
எழுதியவர்: பொள்ளாச்சி பிசியோ

பொள்ளாச்சிக்குப் போவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

பிறந்ததிலிருந்து 18 வயதுவரை குழந்தைகளைச் சோதித்து, தேவைப்பட்டால் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் திட்டம் 2013-ல் வந்தது. அது மத்திய அரசின் திட்டம், கேரளத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு வகையில் 30 பிரச்சினைகளைப் பார்க்கிறார்கள். ஆகவே அவர்கள் இந்தப் பக்கம் வந்து பார்ப்பதில் தப்பே இல்லை. எல்லையில் இருக்கிற கோபாலபுரம் தாண்டி வருகிற பல குழந்தைகளை நான் பார்க்கிறேன், யாரையும் ரேஷன் கார்டு கேட்டு நான் திருப்பி அனுப்பியதில்லை.

ஆனால் உதவித்தொகை, மாநில இன்சூரன்ஸ் போன்றவை எந்த மாநிலத்தில் குடியிருக்கிறார்களோ அங்கேதான். பயிற்சிக்காக ரேஷன் கார்டை மாற்றுகிறேன், ஆதாரில் விலாசத்தை மாற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள் என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் நின்ற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், சரியாக ஒரு வருடம் ஆனது திரும்ப எல்லாம் கிடைக்க.

பின்னால் மாற்றுத்திறனாளி சான்று தேவைப்பட்டால் அதோடு வரும் தேசிய அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். 2016 சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, பேச்சு, மொழிக் குறைபாடும் ஆட்டிசமும் அதில் அடக்கம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்று உறுதியானால் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, தெரபி செலவும் அதில் வரும். இதெல்லாம் பிறகு. சான்று வந்தால்தான் பயிற்சி என்று எந்தப் பெற்றோரையும் காத்திருக்க விடாதீர்கள். பயிற்சிக்குச் சான்று தேவையில்லை, இரண்டரை வயதில் ஆறு மாதம் என்பது நிறைய.

அவர்கள் கிளம்பினால் கையில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: காது சோதனையின் முடிவு, தேதி, எந்த மொழியில் என்ன செய்தான், வீட்டில் இப்போது என்ன செய்கிறார்கள். மலையாளத்தில் மட்டும் எழுதிய ஃபைல் வந்தால் இங்கே எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, பிள்ளைக்கு எல்லா சோதனையும் மறுபடி முதலிலிருந்து நடக்கும். பெரா எடுக்கக் குழந்தையைத் தூங்க வைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். மற்றபடி மாதம் ஒருமுறை இங்கே, வாரம் ஒருமுறை வீட்டில் நீங்கள் என்று வைத்துக்கொண்டாலும் நல்லதுதான். நாம் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.


பதில் 5
எழுதியவர்: நகரி அக்கா

எங்கள் பக்கம் தெலுங்கு. வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. தறிக்காரக் குடும்பங்கள் நிறைய. இதே அறிவுரையைத் தெலுங்கில் கேட்டு என் தங்கை தன் பையனிடம் ஒரு வருடம் உடைந்த தெலுங்கில் பேசினாள். பையன் பாட்டியிடம் போய் ஒட்டிக்கொண்டான், பாட்டிதான் தமிழை விடவில்லை. முதல் சொல் பாட்டியிடம்தான் வந்தது. கம்பம் சார் சொன்ன பொதுச் சொல் வசதி எங்களுக்கு அவ்வளவு இல்லை, அம்மா, பால் மாதிரி சிலதுதான் ஒத்துவரும். நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.


பதில் 6
எழுதியவர்: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததை எழுதுகிறேன்.

பெரியவரிடம் போனேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, யாரும் இல்லாத நேரம். செம்பைப் பற்றியும் போனைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்றார். பிறகு அவரே போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் சரளமில்லை, என்றாலும் தமிழிலேயே சொன்னார்: "அன்னைக்கு நான் சொன்னது சரியில்ல. நீங்க உங்க பாஷையில் பேசுங்க." அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குக் கூடியது. வீட்டு நோட்டில் நான் எழுதியிருந்த வரியை அடுத்த முறை போனபோது அந்த அம்மாவுக்கு முன்னாலேயே அடித்துவிட்டு, கீழே தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

எம்-சாட் போட்டாகிவிட்டது, 30 மாதம் நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது. மதிப்பெண் கவலைப்படும்படிதான் வந்தது. குழந்தை மருத்துவரும் சைக்காலஜிஸ்ட்டும் விரிவாகப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறோம். அந்த அம்மாவிடம் மறைக்கவில்லை. "ஏதாவது இருந்தாலும் நாம செய்யப்போறது இதையேதான்" என்று சொன்னேன். "நான் பேசினதாலயா, பேசாததாலயா?" என்று அந்த அம்மா கேட்டார். இரண்டாலும் இல்லை என்றேன். மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

பீர்மேடு அக்கா எழுதியதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டேன். பயிற்சித் தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. காலையிலிருந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்த வீட்டில் நான்கு கோழி இருக்கிறது. சாயங்காலம் பாட்டி கோழிக்குத் தவிடு போடுவார், பையன் ஓடி வந்து நிற்பான். ஒரு நாளில் அவன் தானாக வந்து நிற்கிற ஒரே இடம் அதுதான். ஆக ஒன்றே ஒன்று சொன்னேன். கிண்ணத்தைப் பாட்டி வைத்துக்கொள்ள வேண்டும், பையன் கையில் ஒரு பிடி கொடுக்க வேண்டும், தீர்ந்ததும் உடனே கொடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்து அஞ்சு எண்ணும்வரை நிற்க வேண்டும். அவன் கிண்ணத்தைப் பார்த்தாலும் சரி, உங்களைப் பார்த்தாலும் சரி, கையை நீட்டினாலும் சரி, "தா" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "அஞ்சு எண்றதுக்குள்ள இவன் கத்துவானே" என்றார் பாட்டி. அப்படியானால் மூன்று எண்ணுங்கள் என்றேன்.

இரண்டாவது வாரம் போனபோது மூன்று எண்ணும்வரை கத்தாமல் நின்றான். பாட்டியின் முகத்தைப் பார்த்தான். சொல் வரவில்லை, முகத்தைப் பார்த்தது நிஜம், நான் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று மூன்றாவது முறை போனபோது உள்ளங்கையை விரித்து நீட்டினான். வாயில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. பாட்டி அதை "தா" என்கிறார். நான் தாளில் "கை நீட்டினான், ஒலி எழுப்பினான்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். குளிக்க வைக்கும்போது தலையிலிருந்து கால்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறார், நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவருக்கே வந்தது. போன் சாப்பாட்டு நேரத்தில் இல்லை. மற்ற நேரத்தில் இருக்கிறது, அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

வண்ணாமடை டீச்சர் சொன்னதையும் செய்தோம். செவ்வாயும் வெள்ளியும் பாட்டியோடு அங்கன்வாடி. முதல் நாள் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டான். இப்போது ஜன்னல் பக்கத்தில் பத்து நிமிஷம் நிற்கிறான். அங்கன்வாடி டீச்சருக்குப் பன்னிரண்டு சொல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், தமிழ்ச் சொல்லை மலையாள எழுத்தில்.

பொள்ளாச்சிக்கு மாதம் ஒருமுறை போவதாக இருக்கிறார்கள். பிசியோ சார் சொன்ன ஒரு பக்கம் தயார், தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.

கம்பம் சார், பொதுச் சொற்களுக்குப் படக்கார்டு நானே வரையலாம் என்று இருக்கிறேன். கோழி, ஆடு, பழம், மீன், பூ, இலை வரைந்துவிட்டேன். "வா", "தா", "போ" இதற்கெல்லாம் படம் எப்படிப் போடுவீர்கள்? அடுத்த வியாழக்கிழமை திரும்ப அந்த வீட்டுக்குப் போகிறேன், அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 7
எழுதியவர்: கம்பம் பேச்சுப் பயிற்சியாளர்

வினைக்குப் படம் வேண்டாம் டீச்சர், அவன் இருக்கிற நிலையில் படம் பார்த்து "தா" கற்றுக்கொள்ள மாட்டான். கையே போதும், பாட்டி செய்வது போல. மற்றவற்றுக்கும் வரைந்த படத்துக்கு முன்னால் நிஜக் கோழியும் நிஜ இலையும் வரட்டும், அப்புறம் போட்டோ, அப்புறம் வரைந்தது. உங்கள் போனில் அந்த வீட்டுக் கோழியையே போட்டோ எடுத்துப் பிரிண்ட் போடுங்கள், அதை அவன் அடையாளம் கண்டுகொள்வான். மூன்று எண்ணுவதை இன்னும் ஒரு வாரம் மூன்றாகவே வைத்திருங்கள், அஞ்சுக்கு அவசரப்பட வேண்டாம். பாட்டியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், ராத்திரிக் கதையைத் திரும்ப ஆரம்பித்தாரா என்று கேட்டு எழுதுங்கள்.